ஏற்றத்தில் அந்த இரண்டு விநாடி

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் ஸ்டுட்கார்ட் ஒரு கிண்ணம் மாதிரி. நடு ஊர் அடியில் கிடக்கிறது, வீடுகள் சுற்றுச்சுவரில் ஏறிப் போகின்றன. நடந்து ஏறுகிறவர்களுக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் உண்டு. மரியன்பிளாட்ஸிலிருந்து டேகர்லோக் மேட்டுக்கு, 1884-இல் தொடங்கிய ஒரு பல்சக்கர ரயில் ஓடுகிறது. அதன் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு 17.8 சதவீதம். நூறு மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட பதினெட்டு மீட்டர் ஏறிவிடும். அந்த ரயிலின் சத்தம் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும். எங்கள் தெருவில் கார் நிறுத்துவது என்றால் சரிவில்தான்.

இந்தத் தெருவுக்குத்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய ரோட்ஸ்டரை ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டே இருக்கை, துணிக்கூரை, என்ஜின் முன்னால், உந்துவது பின்சக்கரம், ஆறு கியர் மேனுவல், நெம்புகோல் போல இழுக்கும் நிஜமான ஹேண்ட் பிரேக். பல வருட ஆசை. கிளட்ச் மிதி மேலே வருகிற தூரம் குறைவு, கியர் குச்சி மணிக்கட்டு அசைவிலேயே விழும். காரும் நானும் பேசிக்கொள்ள நடுவே ஆள் இல்லை என்ற எண்ணத்தில் வாங்கிய கார். ஆனால் நடுவே ஒருவர் இருந்தார். ஏற்றத்தில் நின்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், காலை எடுத்த பிறகும் சுமார் இரண்டு விநாடிக்கு பிரேக்கைத் தானே பிடித்து வைத்திருக்கும் ஹில் ஹோல்ட்.

பலருக்கு இது வரம். எனக்கு முதல் வாரத்திலேயே வினையானது.

அன்று மாலை மூக்கு மேட்டைப் பார்த்தபடி, தெருவோரம் இரண்டு கார்களுக்கு நடுவே காரைச் செருகிக்கொண்டிருந்தேன். உள்ளே போயாயிற்று. முதல் கியரில் கொஞ்சம் முன்னே ஏறி நேராக்கினேன். இனி ஒரு அடி பின்னால் வந்தால் போதும். சரிவில் கார் ஓட்டிப் பழகியவர்கள் இதற்கு என்ஜினைத் தொடவே மாட்டார்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்து, பிரேக்கை இழை இழையாகத் தளர்த்தினால் கார் தன் எடையில் தானே மெல்ல இறங்கும். பாதம் நினைக்கிற இடத்தில் நிற்கும். சேலத்தில் சித்தப்பாவின் காரில், ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நான் முதலில் கற்றுக்கொண்டதே இதுதான்.

பிரேக்கைத் தளர்த்தினேன். கார் அசையவில்லை. இன்னும் தளர்த்தினேன். அசையவில்லை. பின் டயர் நடைபாதைக் கல்லில் முட்டி நிற்கிறது என்று நினைத்தேன். அப்படியானால் என்ஜின் பலத்தில்தான் பின்னால் வர வேண்டும் என்று பிரேக்கிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு ரிவர்ஸ் போட்டேன். கியர் விழுந்த அதே நொடியில் பிரேக் பிடி விட்டது. கார் சரிந்தது. என் வலது கால் ஆக்சிலேட்டருக்கு மேலே இருந்தது. அதைப் பிரேக்குக்குக் கொண்டுவருவதற்குள் பின்னால் நின்ற காரின் நம்பர் பிளேட்டில் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

ஜெர்மனியில் இதைச் சின்ன விஷயம் என்று விட்டுப் போக முடியாது. கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாலும், விபத்து நடந்த இடத்தை விட்டு ஓடியதாகத்தான் சட்டம் பார்க்கும். அரை மணி நேரம் நின்றேன். உரிமையாளர் வரவில்லை. போலீஸை அழைத்தேன். வந்து பார்த்து, படம் எடுத்து, குறித்துக்கொண்டு போனார்கள். சேதம் ஒன்றும் இல்லை என்று அந்தக் காரின் உரிமையாளர் பிறகு சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனது ஆறவில்லை. இருபது வருடமாக மேனுவல் ஓட்டுகிறேன். கால் எடுத்த பிறகும் ஏன் நின்றது, ரிவர்ஸ் போட்டதும் ஏன் விட்டது என்று இரண்டு கேள்விகள் தூங்கவிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கடையின் சரிவான கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஞாயிறு இங்கே கடைகள் மூடியிருக்கும், ஆள் நடமாட்டம் இல்லை. மனைவி வெளியே நின்று கைப்பேசியில் பின்சக்கரத்தைப் படம்பிடித்தாள். ஹில் ஹோல்ட் உள்ள மேனுவல் கார் வாங்குகிற யாரும் முதல் வாரத்தில் இதைச் செய்துவிட வேண்டும் என்பேன். எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்ததை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

மூக்கு மேட்டைப் பார்த்து, முதல் கியரில், கிளட்ச்சை மிதித்துக்கொண்டு பிரேக்கை விட்டால் பிடிக்கிறது. படத்தை ஓட்டிப் பார்த்தால் இரண்டு விநாடிக்குச் சற்றுக் கூடுதல். அதே இடத்தில் ரிவர்ஸ் கியர் போட்டால் பிடிப்பதே இல்லை. யோசித்தால் நியாயம்தான். ரிவர்ஸ் என்றால் ஓட்டுநர் கீழே போகத்தான் நினைக்கிறார், அதைத் தடுக்கக் கூடாது என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று முதல் கியரில் பிடித்திருந்தது, ரிவர்ஸ் விழுந்ததும் விட்டது. காரைத் திருப்பி மூக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்தினால் இதுவே தலைகீழ்: ரிவர்ஸில் பிடிக்கும், முதல் கியரில் பிடிக்காது.

இன்னொன்றும் தெரிந்தது. எரிச்சலுக்கு நிஜமான காரணம் அதுதான். பிடித்திருக்கும்போது பொறுமையிழந்து பிரேக்கை மறுபடி தொட்டால், இரண்டு விநாடிக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. இழை இழையாகத் தளர்த்துவது, சற்று அழுத்துவது, மறுபடி தளர்த்துவது என்று சரிவில் ஓட்டுகிறவனின் பாதம் தன்னால் செய்கிற வேலையை அது ஒவ்வொரு முறையும் புது நிறுத்தமாக எடுத்துக்கொள்கிறது. நாம் எவ்வளவு நுணுக்கமாக பிரேக்கைக் கையாள்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது குறுக்கே வரும்.

ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு ‘கிளிக்’ இழுத்து வைத்தால்? பிடிக்கவில்லை! ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஹில் ஹோல்ட் தன் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. என் காரில் ஒரு கிளிக் என்பது சக்கரத்தைப் பிடிக்காது, டாஷ்போர்டில் விளக்கை மட்டும் எரிய வைக்கும். அந்த விளக்கு எரிந்தாலே போதும், பிரேக் முழுக்க என் காலுக்கு வந்துவிடுகிறது. எல்லாக் காரிலும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கையேட்டில் ஹில் ஹோல்ட் வேலை செய்யாத நிலைமைகள் என்று ஒரு பகுதி இருக்கும். அதைப் படித்துவிட்டு நீங்களே சரிவில் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் இந்த ஒரு கிளிக் வழியே கிடையாது. பழைய நெம்புகோல் உள்ள காரைத் தேடி வாங்கியதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம் இது.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் கார் நிறுத்தும்போது முறை மாறியது. மேட்டைப் பார்த்து நின்று பின்னால் நழுவ வேண்டும் என்றால் முதலில் ரிவர்ஸ், கிளட்ச் முழுக்க உள்ளே, பிறகுதான் பிரேக்கைத் தளர்த்துவேன். என்ஜின் வேலை செய்யாது, எடை மட்டும் இறக்கும். தொண்ணூறு சதவீதம் தொல்லை இதிலேயே தீர்ந்தது.

தீராதது நிற்கிற இடத்திலிருந்து கிளம்புவது. இதில் எனக்கும் என் மனைவிக்கும் இன்றுவரை கருத்து ஒன்றல்ல. அவள் ஜெர்மனிக்கு வந்த பிறகுதான் கார் ஓட்டக் கற்றாள். நம் ஊர் லைசென்ஸ் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால் நானும் அவளோடு போய் மறுபடி தேர்வு எழுதினேன். அவள் பழகிய காரிலேயே ஹில் ஹோல்ட் இருந்தது. “ஏங்க, அது பிடிச்சுக்கிட்டா உங்களுக்கு என்ன? அந்த ரெண்டு செகண்ட்ல கிளட்ச்சை எடுத்துட்டுப் போங்களேன்” என்பாள். அவள் ஓட்டும்போது பார்த்திருக்கிறேன். பதற்றமில்லாமல், பின்னால் ஒரு அங்குலம்கூட நகராமல் கிளம்புவாள். சிக்னலில் பின்னால் ஒட்டிக்கொண்டு யாராவது நின்றால் அவளுக்கு அந்த இரண்டு விநாடி பெரிய தைரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் சிக்கல் வேறு. பத்து சதவீதச் சரிவில் ஆயிரத்து நூறு கிலோ காரைக் கிட்டத்தட்ட நூற்றுப் பத்து கிலோ விசை பின்னால் இழுக்கிறது. எங்கள் ரயில் பாதையின் செங்குத்து இடம் போன்ற சரிவில் அது நூற்றுத் தொண்ணூறைத் தாண்டும். கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் இந்த விசைக்கும் என்ஜினுக்கும் நடக்கிற இழுபறியைத்தான் உடம்பு படிக்கிறது. காரின் பின்பக்கம் கொஞ்சம் அமர்கிறது, இருக்கையில் முதுகு லேசாக அழுந்துகிறது, என்ஜின் சத்தம் ஒரு படி இறங்குகிறது. அந்த நொடியில் பிரேக்கை விட்டால் கார் ஏறும். ஹில் ஹோல்ட் நான்கு சக்கரத்தையும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இறுக்கி வைத்திருக்கும்போது இந்த இழுபறி உடம்புக்கு மங்கலாகத்தான் வருகிறது. கிளட்ச் பிடித்ததா இல்லையா என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் ரேஸ் கொடுப்போம். போதுமான விசை வந்ததாக அதற்குத் தோன்றியதும் ‘டக்’ என்று விடும், கார் துள்ளும். இல்லையென்றால் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, கிளட்ச் தகடு தேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே பிரேக்கைப் பிடித்திருக்கிறோம், அடுத்தவர் எப்போது விடுவார் என்று எனக்குத் தெரியாது.

இதை உறைக்க வைத்தது ஆஸ்திரியப் பயணம். அந்த ஆகஸ்டில் கிரோஸ்குளோக்னர் மலைச்சாலைக்குப் போனோம். 1935-இல் திறந்த சாலை, 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசிகள், பெரும்பாலும் அகலமான நல்ல ஏற்றம். அதுவரை சுகம். அதிலிருந்து எடல்வைஸ்ஸ்பிட்ஸ என்ற முனைக்கு ஒரு கிளைச்சாலை பிரிகிறது. 2,571 மீட்டர் உயரம். குறுகல், கல் பாவிய தரை, அடுத்தடுத்து இறுக்கமான வளைவுகள். மேலே கார் நிறுத்த இடம் நிறைந்துவிட்டதால் வரிசை வளைவு வளைவாக நின்றது. ஒரு கார் இறங்கினால் ஒரு கார் ஏறும். நிற்க, பத்து மீட்டர் ஏற, நிற்க.

நான்காவதோ ஐந்தாவதோ முறை கிளம்பும்போது, வீட்டுப் பக்கம் கொடுக்கிற அதே ரேஸைக் கொடுத்து கிளட்ச்சை எடுத்தேன். என்ஜின் தளர்ந்து இறங்கியது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத என்ஜினுக்கு அவ்வளவு பலம் குறையும். இது எனக்குப் படிப்பாகத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. ஆஃப் ஆகிவிடுமோ என்று கிளட்ச்சை மறுபடி மிதித்தேன். அதற்குள் இரண்டு விநாடி முடிந்திருந்தது. கார் அரை மீட்டர் பின்னால் சரிந்தது. பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பதி, கல் தரையில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கிறார்கள். அவர்களால் பின்னால் போகவும் முடியாது, விலகவும் முடியாது. ஹார்ன் சத்தமும் என் பிரேக்கும் ஒரே நேரத்தில். இடைவெளி ஒரு கை நீளம் இருந்திருக்கும். மனைவி என் தொடையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக் கை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன். அங்கிருந்து உச்சி வரை ஹேண்ட் பிரேக் மட்டும்தான். பொத்தானை அழுத்தியபடி கை, முதல் கியர், பாத பிரேக்கிலிருந்து கால் வெளியே. ரேஸை இரண்டாயிரம் சுற்றுக்கு ஏற்றி அங்கேயே வைத்து, கிளட்ச்சை மேலே கொண்டுவந்தேன். பின்சக்கர உந்துதல் காரில் இது தெளிவாகப் பேசும். ஹேண்ட் பிரேக் பிடிப்பதும் பின்சக்கரத்தை, என்ஜின் உந்துவதும் பின்சக்கரத்தை. அதனால் இழுபறி அங்கேயே நடந்து, வாகனத்தின் பின்பாதி ஒரு விரற்கடை அமர்வது இருக்கை வழியாக வந்துவிடும். சுற்றுமானியின் முள் நூறு, நூற்றைம்பது இறங்கும். அப்போது நெம்புகோலை விட்டால் கார் நகரும், பின்னால் ஒரு மயிரிழைகூட வராது. முக்கியம், இதற்குக் காலக்கெடு கிடையாது. என்ஜின் தளர்ந்தால் கிளட்ச்சை உள்ளே மிதித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், ஹேண்ட் பிரேக் நாம் விடும்வரை பிடித்திருக்கும்.

அந்தக் காலத்து ஏற்பாடு இதைவிடப் புத்திசாலித்தனமானது என்பது என் உறுதியான எண்ணம். 1936-இல் அமெரிக்காவில் ஸ்டூட்பேக்கர் கார்களில் ஒரு ஹில் ஹோல்டர் வந்தது. ஒரு சின்ன வால்வு, உள்ளே ஒரு உருண்டை. ஏற்றத்தில் நின்றால் உருண்டை பின்னால் உருண்டு பிரேக் எண்ணெயின் வழியை அடைக்கும், கிளட்ச் மிதி மேலே வரும்போது அந்த அடைப்பு திறக்கும். பிற்பாடு சுபாரு தன் மேனுவல் கார்களில் பல வருடம் வைத்ததும் கிளட்ச் மிதியோடு கேபிளில் கட்டிய இதே தத்துவம்தான். கேபிளின் நட்டைத் திருகி, எந்த இடத்தில் விட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் இல்லை, ஓட்டுநரின் இடது கால்தான் கட்டளை.

இன்றைய ஹில் ஹோல்டுக்குத் தனி உறுப்பு கிடையாது. ஸ்டுட்கார்ட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்த ஊரில் பிறந்த பாஷ் நிறுவனம் செய்த ஈ.எஸ்.பி. என்ற சறுக்கல் தடுப்பு ஏற்பாடு 1995-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் முதலில் வந்தது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் காருக்கும் அது கட்டாயம். பிரேக் அழுத்தத்தைத் தானே பிடிக்கும் வால்வு அதில் ஏற்கனவே இருக்கிறது, கார் சாய்ந்திருப்பதை அறியும் சென்சாரும் இன்று பெரும்பாலும் அதனுடனேயே வருகிறது. மேலே சில வரி மென்பொருள் சேர்த்தால் ஹில் ஹோல்ட் ஆயிற்று. அதனால்தான் ஸ்போர்ட்ஸ் கார், வேன் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாவற்றிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதனாலேயே ஒரு எச்சரிக்கை. இதை நிறுத்த, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் ஃப்யூஸைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏ.பி.எஸ்., ஈ.எஸ்.பி. இரண்டும் சேர்ந்து போய்விடும், ஈரச்சாலையில் பின்சக்கர உந்துதல் காருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஈ.எஸ்.பி. ஆஃப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். என் காரில் ஹில் ஹோல்ட் அதற்கெல்லாம் அணையவில்லை. சில கார்களில் திரையில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது, இருந்தால் அதிர்ஷ்டம்.

போன வருடம் இன்னொரு பாடம். ஆசைப்பட்டுச் சற்றுத் தாழ்வான ஸ்பிரிங் போட்டேன். வேலை முடிந்து வந்த நாளிலிருந்து, இதுவரை ஹில் ஹோல்ட் எட்டிப் பார்க்காத மெல்லிய ஏற்றங்களில்கூட அது பிடிக்கத் தொடங்கியது. வேலை செய்த பணிமனையில் கேட்டதற்கு, “எல்லாக் காரும் அப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அளவுநாடா வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கியிருந்தது. முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2.3 மீட்டர். கணக்குப் போட்டால் சமதரையில் நின்றாலே கார் தான் 0.9 சதவீத ஏற்றத்தில் நிற்பதாக நினைக்கும். மூன்று சதவீதத் தெரு அதற்கு நான்கு சதவீதம். வேறொரு பணிமனையில் சமதரையில் நிறுத்தி, கணினியை இணைத்து, சாய்வு சென்சாரின் பூஜ்யத்தைப் புதிதாகப் பதிந்தார்கள். கால் மணி நேர வேலை, அன்றே பழையபடி ஆனது. காரைத் தாழ்த்துகிறவர்கள் வீல் அலைன்மென்ட்டோடு இதையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நானும் மனைவியும் அதே காரை இரண்டு விதமாக ஓட்டுகிறோம். அவள் சிக்னலில் ஹில் ஹோல்டை நம்பிக் கிளம்புகிறாள், நான் ஹேண்ட் பிரேக்கில். தெருவோரம் நிறுத்தும்போது மட்டும் இருவருக்கும் ஒரே முறை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பார்க்கப் போகிறேன், கூட வாருங்கள் என்றான். விற்கிறவர் நெடுஞ்சாலைக்குத்தான் கூட்டிப் போகப் பார்த்தார். நாங்கள் முதலில் ஒரு ஏற்றம் கேட்டோம். மூக்கை மேட்டுக்கு நிறுத்தி முதல் கியர், அப்புறம் ரிவர்ஸ், அப்புறம் ஹேண்ட் பிரேக் ஒரு கிளிக். பையன் ஒவ்வொன்றுக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.